கிராஃப்ல பிளான தேடாத

அம்மாடி, ஒரு வேலைய முடிக்கிற ஸ்டெப்புகள கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க உதவுற பிளானிங் கிராஃப் மண்டையில ஏறவே இல்லன்னு போன்ல பொலம்புனியே, அத வாயால சொன்னா எனக்கே கொழம்பும், அதான் உக்காந்து டைப் பண்றேன்.

நீ அந்த கிராஃப்லயே வழி இருக்கும்னு தேடுற, சிக்கலே அங்கதான். இத்தன ஸ்டெப்புக்குள்ள எது நடக்கவே நடக்காதுன்னு சீக்கிரமா கண்டுபிடிக்கத்தான் அது.

1995ல ப்ளம், ஃபர்ஸ்ட்னு ரெண்டு பேர் இந்த கிராஃப வச்சு பிளான் தேடுற கிராஃப்பிளான்ங்கற முறைய கொண்டுவந்தாங்கல்ல, அவங்களோட ராக்கெட் உதாரணத்தையே எடுத்துக்கோ. லண்டன்ல ஒரு ராக்கெட், ரெண்டு சரக்கு, ரெண்டும் பாரிஸ் போகணும், ஒரு ட்ரிப்புக்குதான் எரிபொருள். மொத லேயர்ல இப்போதைய நெலம. அடுத்து ஆக்‌ஷன் லேயர், சரக்க ஏத்துறது, ராக்கெட்ட கெளப்புறது, கூடவே இருக்கறத அப்படியே விடுற நோ-ஆப். ஏத்தணும்னா ராக்கெட் லண்டன்ல நிக்கணும், கெளப்பிட்டா நிக்காது, அதனால இது ரெண்டும் மியூட்டெக்ஸ், அதாவது ஒரே ஸ்டெப்ல சேந்து வர முடியாத ஜோடி. அதான் அடுத்த லேயர்ல 'சரக்கு உள்ள இருக்கு', 'ராக்கெட் பாரிஸ்ல இருக்கு' ரெண்டுமே வந்துடும் ஆனா சேந்து நடக்காது. இன்னொரு லேயர் போட்டா, ஏத்துனத நோ-ஆப் காப்பாத்தி வைக்க, ராக்கெட் கெளம்பலாம், மியூட்டெக்ஸ் போச்சு. மூணாவது ஸ்டெப்ல ரெண்டு சரக்கையும் எறக்கிடலாம். கோல், அதாவது நாம அடைய வேண்டியது, எல்லாம் மோதாம ஒரே லேயர்ல வந்தப்புறம்தான் கிராஃப்பிளான் கடைசி லேயர்லேருந்து பின்னாடி பாத்து பிளான தேடவே ஆரம்பிக்கும், கெடைக்கலன்னா இன்னொரு லேயர்.

மோதாம வந்துட்டா மட்டும் பிளான் இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா, மியூட்டெக்ஸ் ரெண்டு ரெண்டாத்தான் பாக்கும். ரெண்டு கை ரோபோ, மூணு பந்து, ஒரே ஸ்டெப்ல மூணையும் எடுக்கணும்னா முடியுமா? ஆனா எந்த ரெண்ட எடுத்தாலும் முடியும், அதனால கிராஃப் சரின்னுடும்.

லேயருக்கு லேயர் விஷயங்க கூடும், மியூட்டெக்ஸ் கொறையும், ஒரு கட்டத்துல எதுவும் மாறாம நின்னுடும், அதனால சைஸும் கட்டுக்குள்ள இருக்கும். என்னக் கேட்டா இதோட பெரிய பலன் ஹாஃப்மன்ங்கறவரோட எஃப்எஃப்ங்கற பிளான் போடுற ப்ரோக்ராம்லதான் தெரிஞ்சுது, ஒரு ஆக்‌ஷன் எதையும் அழிக்காதுன்னு வச்சுக்கிட்டு, மியூட்டெக்ஸே இல்லாத கிராஃப் போட்டு, கோலுக்கு இன்னும் எவ்ளோ தூரம்னு அதுலேருந்து மதிப்பு போட்டுக்கும்.

எக்ஸாம்ல மியூட்டெக்ஸ் லிஸ்ட் கேட்டா நோ-ஆப்பையும் செக் பண்ணு, 'ராக்கெட் லண்டன்ல'ங்கற நோ-ஆப்புக்கும் கெளப்புறதுக்கும் கூட மியூட்டெக்ஸ் உண்டு, பாதிப் பேரு மார்க்க விடுறது அதுலதான்.

அப்பா