மனுவை முடித்து வைக்கும் முன் காரணம் சொல்ல வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் சார்பில் ஒரு ராகி விவசாயி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மனுக்களும் இணையவழி விண்ணப்பங்களும் காரணம் சொல்லாமல் முடித்து வைக்கப்படுவதை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன். இந்த மனு என் அம்மாவுக்காகவும், வந்த பதில் புரியாமல் என் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வந்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அப்பா 1974-இல் கிரயம் வாங்கிய நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். பத்திரத்தில் அவர் பெயர் சரியாக இருக்கிறது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்கிற அந்தப் பதிவில், பெயரில் 'த' வர வேண்டிய இடத்தில் 'ர' விழுந்துவிட்டது. பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது பிழையும் சேர்ந்து ஏறிவிட்டது. அப்பா இருந்தவரை தொந்தரவு இல்லை. கந்தாயம் என்கிற நிலவரி கட்டினார், ரசீது வாங்கினார். அவர் இறந்த பிறகுதான் சிக்கல். இறப்புச் சான்றிலும் வாரிசுச் சான்றிலும் 'த', பட்டாவில் 'ர'. பட்டாவில் இருப்பவர் வேறு ஆள் என்று ஆகிவிட்டது.

இ-சேவை மையத்தில் மூன்று முறை விண்ணப்பித்தோம். இரண்டு முறை 'ஆவணங்கள் போதவில்லை' என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. எந்த ஆவணம் என்று இல்லை. மூன்றாம் முறை 'தகுதியின்மையால் நிராகரிப்பு'. அப்புறம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அது கீழே இறங்கி, எந்த அலுவலகத்தைப் பற்றிச் சொன்னோமோ அதே மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது' என்று பதில். பட்டாவில் அதே 'ர' இருக்கிறது.

நான்கு ஒப்புகைச் சீட்டுகளையும் அம்மா ரேஷன் கார்டு உறையில் போட்டு மஞ்சப் பையில் வைத்திருக்கிறார். முதல் சீட்டில் அச்சு மொத்தமும் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. 'நம்பர் அதுலதானே இருக்கு' என்று அதையும் தூக்கிப் போட மாட்டேன் என்கிறார்.

அரசு ராகி கொள்முதல் நிலையத்தில் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். அம்மா பெயரில் சிட்டா இல்லாததால் போன அறுவடையை வியாபாரியிடம், அவர் சொன்ன விலைக்கே போட்டோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கிற விலை இது.

கிராம நிர்வாக அலுவலரைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் ஊர் அலுவலர் இன்னொரு ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். சான்றிதழ், தேர்தல் வேலை, மழைச் சேதக் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான். நிலுவையைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து நெருக்கும்போது, விசாரித்துத் தீர்ப்பதைவிட நிராகரித்து எண்ணிக்கையைக் குறைப்பது சுலபமாகிவிடுகிறது. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

விதி இல்லாமல் இல்லை. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை எண் 99, மனு வந்த 3 நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரச் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2011-இல் கொண்டுவந்த சகாலா சட்டத்தில் ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை நாள் என்று கெடு உண்டு. தவறினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். தொகை சின்னதுதான். கேட்கிற உரிமை பெரிது.

2004-இல் தர்மபுரியிலிருந்து நம் மாவட்டம் பிரிந்தபோது, இனி கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிடும் என்று அப்பா சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

எந்த விண்ணப்பத்தை நிராகரித்தாலும் எந்த ஆவணம் குறைகிறது, அடுத்து யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று தெளிவான தமிழில் எழுதித் தர உத்தரவிட வேண்டும். புகாருக்கு உள்ளான அலுவலகமே அந்த மனுவை முடித்து வைக்கக் கூடாது. முடிக்கும் முன் வேறோர் அலுவலர் மனுதாரரிடம் போனிலாவது பேச வேண்டும். வருஷா வருஷம் வருவாய்க் கணக்கு பார்க்கும் ஜமாபந்தி வரும்போது, அதை ஒட்டி ஒவ்வொரு பிர்காவிலும் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) யூ.டி.ஆர். பெயர்ப் பிழைகளுக்கென்றே முகாம் போட்டு, பழைய பதிவேடுகளை அங்கேயே கொண்டுவந்து, பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் இப்படி எத்தனை பட்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதித் தர நான் தயார். சேவைக்குக் கெடு வைக்கும் சட்டம் நம் மாநிலத்துக்கும் வேண்டும் என்று தாங்கள் அரசுக்குப் பரிந்துரைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, நான்கு ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். முதல் சீட்டின் நகலில் எதுவும் தெரியாது. அதன் எண்ணை என் நோட்டைப் பார்த்துப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்