சிட்டுவின் கண்ணை ஏன் எடுக்கச் சொன்னேன்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் இல்லையாப்பா?” என்று கேட்டாய். அழுதுகொண்டே கேட்டாய். அழுகிற பிள்ளையிடம் போனில் விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதம் என்றால் நிதானமாகப் படிப்பாய், வேண்டுமென்றால் இன்னொரு தடவையும் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் செல்ல எலி சிட்டு நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கூண்டில் கூட இருக்கும் எலி பொட்டுவோடு சண்டை போடுகிறாள், காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்டுகிறாள். அந்தக் கண்ணைக் காப்பாற்ற வழி இருக்கவில்லையம்மா. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டது நான். மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தாலும் போடுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

எல்லாம் சிவப்புக் கண்ணீரில்தான் தொடங்கியது. அது ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டீரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்பிரின் என்ற நிறப்பொருள் என்று நீதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய். களைப்போ சளியோ பயமோ இருந்தால் எலிகளுக்குக் கண்ணோரத்திலும் மூக்கோரத்திலும் அது துரு மாதிரி படியும் என்றாய். அதனால் சிவப்பைப் பார்த்து நாங்கள் பதறவில்லை. ஆனால் இந்தத் தடவை இடது கண்ணில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கண்ணைப் பாதி மூடியே வைத்திருந்தாள். முகத்தைக் கழுவிவிடும் வழக்கம் உண்டே, அதில் வலது பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். உன் அம்மாதான் அதைக் கவனித்தாள். காலையில் டாக்டரிடம் போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

விடிவதற்குள் கண் வெளியே பிதுங்கிவிட்டது.

எலி சந்தோஷத்தில் பல்லைக் கடகடவென்று அரைக்கும்போது கண் உள்ளேயும் வெளியேயும் துடிக்குமே, அதை நாங்கள் பல தடவை பார்த்திருக்கிறோம். தாடைத் தசை கண்குழியின் வழியாகப் போவதால் பல் அசைய அசையக் கண்ணும் அசைகிறது. அது இரண்டு கண்ணிலும் நடக்கும், அரைப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். இது அப்படி இல்லை. ஒரு கண் மட்டும் முன்னால் வந்து அப்படியே நின்றது. இமையால் அதை மூட முடியவில்லை. கறுப்பு மணியாகப் பளபளத்த கண்ணின் மேல் லேசான நீலச் சாம்பல் நிறத்தில் மூட்டம் போட்டிருந்தது.

மனிதருக்குக் கண்ணைச் சுற்றிலும் எலும்பு வளையம் இருக்கிறது. எலிக்கு அப்படி முழு வளையம் கிடையாது. பின்னால் பெரும்பாலும் சுரப்பியும் தசையும் ரத்தக் குழாய்களும்தான். அங்கே சீழோ கட்டியோ ரத்தக்கட்டோ எது வந்தாலும் அதற்குப் போக இடமில்லாமல் கண்ணை முன்னால் தள்ளிவிடும். தள்ளிய கண்ணை இமையால் மூட முடியாது, மூடாத கண் காய்ந்துவிடும். காய்ந்தால் மேல் படலம் புண்ணாகும். டாக்டர் இதைப் பிறகுதான் விளக்கினார். ஆனால் கண் காயக் கூடாது என்பது அந்த நேரத்தில் எங்களுக்கே தெரிந்தது. கிருமி நீக்கிய உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருந்தோம், போகிற வழியெல்லாம். கண்ணை உள்ளே தள்ளிப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்த பழைய கண் சொட்டு மருந்து எதையும் விடவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால் புண் ஆழமாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். இதை நீயும் மனதில் வைத்துக்கொள். நாளைக்கு யாராவது உன்னிடம் கேட்பார்கள்.

பொட்டுவையும் சேர்த்தே ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் சிட்டுவின் மேல் ஏறிப் படுத்திருந்தாள்.

சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். ஒரு துளி ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டுக் கழுவினார். பிறகு விளக்கை அணைத்து நீல வெளிச்சம் அடித்தார். புண் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஒட்டி, பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணின் நடுவிலேயே, பாதி அளவுக்குப் பச்சை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பின்னால் ஊசி விட்டுப் பார்த்ததில் சீழ் வந்தது. கண்ணுக்குப் பின்னால் சீழ்க்கட்டி.

அன்றைக்கே அவர் கண்ணை எடுக்கச் சொல்லவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக், வலிக்கு மெலாக்ஸிகாம், கண் காயாமல் இருக்கக் களிம்பு, இவற்றைக் கொடுத்து முயன்று பார்க்கலாம் என்றார். கட்டி வற்றினால் கண் உள்ளே போகும், இமை மூடும், புண் ஆறும் என்பது கணக்கு. அளவெல்லாம் உடல் எடையை வைத்துத்தான். சிட்டு அப்போது 280 கிராம். உன் அம்மா சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் அவளை உட்கார வைத்து, தினமும் எடை எழுதி வைத்தாள். அந்தத் தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

களிம்பு போடுவதை நான் எடுத்துக்கொண்டேன். எதிரில் இருந்து கை வந்தால் அவள் தலையை இழுத்துக்கொள்வாள். அதனால் ஒரு துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் இருந்து கையைக் கொண்டுபோக வேண்டும். டியூபின் முனை கண்ணில் படக் கூடாது. அரிசி அளவு களிம்பைக் கண்ணின் மேல் விழவிட்டால் போதும், உடம்புச் சூட்டில் அதுவாகப் பரவிவிடும். பிடித்திருக்கும்போது அவளுடைய இதயம் என் உள்ளங்கையில் தடதடவென்று அடிக்கும். எலிக்கு நிமிடத்துக்கு 300க்கு மேல் துடிப்பு இருப்பது இயல்புதான். தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாகவே இருந்தது. இரவில் நானும் அம்மாவும் முறை போட்டுக்கொண்டு விழித்தோம்.

ஆனால் கட்டி வற்றவில்லை. எடை 262க்கு இறங்கியது. ஊறவைத்த தீனியைக்கூட முகர்ந்துவிட்டு விலகினாள்.

சரி, நீ கேட்ட இடத்துக்கு வருகிறேன். நீ விமானத்தில் இருந்த அந்த இரவில்தான் கண்ணின் மேல் படலம் கிழிந்துவிட்டது. உள்ளிருந்த நீர் வெளியே வந்து கண் சுருங்கிப்போயிருந்தது. உனக்கு போன் போட்டோம், கிடைக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணில் இனி பார்வை வராது என்றார். இருக்கிற வரைக்கும் வலியும் கிருமியும்தான் மிச்சம் என்றார். கண்ணை எடுத்தால் பின்னால் இருக்கும் சீழையும் சுத்தம் செய்துவிடலாம். எடுக்காவிட்டால் அது எந்தப் பக்கமும் பரவலாம்.

வலி என்று சொன்னேனே, அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். எலிகள் வலியை மறைக்கும். வேட்டையாடப்படும் பிராணி, நோஞ்சானாகத் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆனாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எலியின் முகத்தை வைத்து வலியை அளக்கும் ஒரு முறையை ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் தட்டையாகும், காது மடங்கித் திரும்பும், மீசை விறைக்கும். டாக்டர் அந்தப் படங்களை எனக்குக் காட்டினார். நான் படத்தைப் பார்த்தேன், சிட்டுவைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. வலது கண்ணும் இடுங்கியிருந்தது. அதன்பிறகு உனக்காகக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ இறங்க இன்னும் பல மணி நேரம் இருந்தது. அத்தனை நேரமும் வலியில் கிடக்கப்போவது அவள்தானே.

ஆபத்து இல்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போடவில்லை. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் சிரைகள் பின்னலாக இருக்கின்றன. அதில் ரத்தம் கசிந்தால், அந்தச் சின்ன உடம்பு தாங்கக்கூடிய இழப்பு மிகவும் குறைவு. மயக்கத்தில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இரண்டையும் சொன்னார். அறுவைக்கு முன்னால் பட்டினி போட வேண்டாம் என்றார். நம்மை வெறும் வயிற்றில் வரச் சொல்வது வாந்தி வராமல் இருக்க. எலியால் வாந்தி எடுக்கவே முடியாது, பட்டினி போட்டால் அது சோர்ந்துதான் போகும். முகமூடி வழியாக வாயு மயக்கம், அடியில் சூட்டு மெத்தை. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மா பொட்டுவை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பொட்டு அம்மாவின் சட்டைக் கைக்குள் நுழைந்துகொண்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்லதுதான். மயக்கம் தெளிந்த சிட்டு தள்ளாடிக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனாள். இடது இமைகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், உள்ளே கரைந்துவிடும் நூல். கழுத்துப் பட்டையை மாட்டிய வேகத்தில் பின்காலால் உதைத்துக் கழற்றிவிட்டாள். அதை வற்புறுத்த வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வலி இல்லாவிட்டால் சொறிய மாட்டாள், வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள் என்றார். பின்கால் நகங்களையும் மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிவிட்டார். கூண்டில் மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் காகிதத் துண்டு விரித்திருக்கிறோம். தூசு கிளம்பாது, கசிவு இருந்தால் உடனே தெரியும். பொட்டு தையலை நக்கிப் பிரித்துவிடுமோ என்று முதல் இரவு மட்டும் தனியாக வைத்தோம். இரண்டும் கம்பிக்கு இரண்டு பக்கமும் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. காலையில் சேர்த்துவிட்டோம், நக்கவில்லை.

ஒரு கண்ணோடு எப்படி இருப்பாள் என்று கேட்டாயே. எலியின் உலகம் பெரும்பாலும் மூக்கிலும் மீசையிலும் இருக்கிறது. இரண்டு கண் இருந்தாலும் அதற்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். மீசையை நொடிக்கு ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் வீசி வழி கண்டுபிடிக்கிறது. சிட்டு இப்போது சுவரின் ஓரமாகவே நடக்கிறாள், இடது மீசை சுவரை உரசிக்கொண்டு போகிறது. முதலில் ஏணிப்படியில் இடறினாள், இப்போது இல்லை. இடது பக்கத்தில் இருந்து சத்தமில்லாமல் தொட்டால் மட்டும் துள்ளிவிடுகிறாள். அதனால் பேசிக்கொண்டே கிட்டே போகிறேன், வலது பக்கமாகக் கையை நீட்டுகிறேன். நீ வரும்போது நீயும் அப்படியே செய். உன் குரல் அவளுக்கு மறந்திருக்காது.

முந்தாநாள் என் மடியில் படுத்துப் பல்லை அரைத்தாள். வலது கண் துடித்தது. தையல் போட்ட இடமும் இமைக்குள்ளே லேசாக அசைந்தது. வலிக்கிறதோ என்று கையை எடுத்தேன். அவள் தலையால் என் விரலை முட்டி, தடவு தடவு என்று கேட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்னொன்று. நான் அங்கே இருந்திருந்தால் முன்னாலேயே பார்த்திருப்பேன் என்று சொன்னாய். அப்படி நினைக்காதே. கடைவாய்ப் பல்லின் வேரில் தொடங்கி மேலே ஏறியிருக்கலாம், சின்னக் கீறலில் கிருமி புகுந்திருக்கலாம், எது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சிவப்புக் கண்ணீர் வரும் வரை வெளியில் தெரியும்படி ஒன்றுமே இல்லை. கையில் ஏந்தி வளர்த்தவள் நீ. மனிதரிடம் அவளுக்கு இருந்த நம்பிக்கையால்தான் அத்தனை வலியிலும் எங்களைக் கடிக்காமல் மருந்து போட விட்டாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நீ போயிருக்கிறாய்.

வேலையை விட்டுவிட்டு இப்போது ஓடி வர வேண்டாம். சிட்டுவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, எலிகளுக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள் என்பது உனக்குத் தெரியும். அதனால் விடுமுறையைத் தள்ளிப்போடாமல் சொன்ன தேதியில் வந்துவிடு, அது போதும். இன்றைய எடை 274. ஆன்டிபயாடிக் இன்னும் முடியவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சை வாயோரத்தில் வைத்தால் இப்போதெல்லாம் தானே இழுத்துக் குடித்துவிடுகிறாள்.

கூண்டின் மேல்தட்டையும் தொங்கும் படுக்கையையும் கழற்றி வைத்திருக்கிறேன். தையல் ஆறியதைப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால் திரும்ப மாட்ட வேண்டும். படுக்கையைப் பழைய உயரத்திலேயே மாட்டலாமா, இல்லை அவள் தாண்டுவதற்கு எட்டும்படி தாழ்த்த வேண்டுமா என்று தெரியவில்லை. அந்தக் கூண்டை அமைத்தவள் நீ. யோசித்து எழுது, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூண்டைக் காட்டுகிறேன், பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா