செயலாளரின் ஆண்டறிக்கை: வெளியார் நிரலும் கமிட் வரலாறும்

தலைவர் அவர்களுக்கும், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து காட்பாடி வரை வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே வேலைக்குத்தான் போனது: பிறர் எழுதிய நிரலை நம் மென்பொருளில் சேர்க்கும் முன் சோதிப்பது.

பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நம் கருவி உங்களுக்குத் தெரியும். அது நம்பியிருக்கும் வெளியார் தொகுப்பு ஒன்றின் புதிய பதிப்பைப் போட்டதும், மாற்றிய கோப்பில் 'கொடி' என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. திரையிலோ எழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு வேறு வேறு.

காரணத்தைப் பிடித்துக் கொடுத்தது, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் பைசெக்ட் கட்டளை. சரியாக ஓடிய கமிட்டையும், அதாவது கிட்டில் பதிந்த மாற்றத்தையும், பழுதானதையும் சொல்லிவிட்டால், இடைப்பட்டதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறைய பத்து சோதனை போதும். அந்தத் தொகுப்பின் ஆசிரியர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கமிட்டாக, காரணத்தோடு பதிந்து வைத்திருந்தார்கள். மொத்தத்தையும் ஒரே கமிட்டாகச் சுருட்டியிருந்தால் பைசெக்ட் அந்த மூட்டையைத்தான் காட்டியிருக்கும். பிரித்துத் தேடுவது நம் தலையில் விழுந்திருக்கும். திருத்தத்தை அவர்களுக்கே அனுப்பினோம். எழுதிய நம் இளம் உறுப்பினரின் பெயரோடு அது ஏற்கப்பட்டதில் சங்கத்துக்கே பெருமை.

சரி, தெரியாமல் வரும் பிழை இது. வேண்டுமென்றே வைக்கப்படுவதும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வெளிப்பட்டதை நம் கூட்டத்தில் நீண்ட நேரம் அலசினோம். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அது இருந்தது. தீய நிரல் சோதனைக் கோப்பு என்ற பெயரில், நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே ஒளிந்திருந்தது. ஆனால் அதை உயிர்ப்பிக்கும் ஸ்கிரிப்ட், பதிப்பை ஒரே கட்டாக வெளியிடும் டார் கோப்பில் மட்டுமே இருந்தது, கிட்டில் இல்லை. களஞ்சியத்தை மட்டும் படித்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. இரண்டையும் ஒப்பிடுவதை நாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அப்புறம், பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். வெளியார் தொகுப்பின் பதிப்பையும், கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்ணான ஹாஷையும் பூட்டிவைத்து, டார் கோப்பைக் களஞ்சியத்தில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேகோடு ஒப்பிட்டு, நம் சோதனைகளில் தேறிய பிறகே சேர்ப்பது. நம் திட்டங்களின் கமிட் வரலாற்றைச் சுருக்காமல் முழுதாக வெளியிடுவது. சில்லறைக் கமிட்டுகள் பார்க்க அசிங்கமாக இருப்பதாகச் சில உறுப்பினர்கள் சொன்னார்கள். பகிர்வதற்கு முன் தாராளமாக ஒழுங்குபடுத்துங்கள். பகிர்ந்த பிறகு மாற்றி எழுத வேண்டாம், பிறர் அதன்மேல் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

செயலாளர்