நார்மன் காலக் கற்சிற்பங்களின் மேலிருக்கும் கூரைக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள தமிழ்க் குடியிருப்பாளர்கள்,
ஹெர்ஃபர்ட்ஷயர் மாவட்டம், இங்கிலாந்து.

பெறுநர்:
மாண்புமிகு பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்கள்,
லண்டன்.

பொருள்: பங்குத் தேவாலயங்களில் எஞ்சியுள்ள 12ஆம் நூற்றாண்டுக் கற்சிற்பங்கள் – கூரை, மழைநீர்க் குழாய் பராமரிப்புக்கு நிலையான உதவியும் வரி நிவாரணமும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

இம்மனுவின் ஆங்கிலப் படி தனியே இணைக்கப்பட்டுள்ளது. கையொப்பமிடும் மூத்தவர்கள் சிலர், முழுக்கப் படித்துப் பார்க்காத தாளில் பேனாவை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் தமிழிலும் எழுதியிருக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் இந்த மாவட்டத்தில் குடியிருக்கிறோம், வரி கட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்தக் கிறிஸ்தவக் கோயில்களைச் சுற்றி வருகிறோம். அப்படிச் சுற்றியதில் கண்ணில் பட்டதையே இங்கே முறையிடுகிறோம்.

எங்கள் மாவட்டத்து எர்ட்ஸ்லி ஊர்க் கோயிலில் உள்ள ஞானஸ்நானத் தொட்டியைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1150இல் செதுக்கியது. பின்னிப் பிணைந்த கொடிகளுக்கு நடுவே இரண்டு வீரர்கள் ஈட்டியும் வாளுமாக மோதுகிறார்கள். மறுபுறம் கிறிஸ்து ஒரு மனிதனைப் பாதாளத்திலிருந்து கையைப் பிடித்து இழுக்கிறார். பக்கத்தில் பெரிய சிங்கம். உடையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றன. அந்தத் தொட்டி கட்டடத்துக்குள் இருக்கிறது, மழை அதைத் தொட்டதில்லை.

அடுத்தது கில்பெக். தூய மரியாள், தூய தாவீது பெயரால் அமைந்த இந்தச் சிறிய கோயில் ஏறத்தாழ 1140இல் எழுந்தது. தெற்கு வாசலின் மேலுள்ள அரைவட்டக் கல்பலகையில் கொடியாய்ப் படரும் வாழ்வின் மரம். தூண்களில் பாம்புகளும், கால்சட்டை அணிந்த ஒல்லியான போர்வீரர்களும். கூரை விளிம்புக்குக் கீழே சுவரிலிருந்து நீண்டு நிற்கும் தாங்குகற்கள் கோயிலைச் சுற்றி வருகின்றன. அவற்றில் 85 இன்னும் இருக்கின்றன. நாயும் முயலும் ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கின்றன. கூச்சமே இல்லாமல் தன் அந்தரங்கத்தைத் திறந்து காட்டும், ஷீலா-ந-கிக் எனப்படும் பெண்ணுருவமும் அங்கேதான். எங்கள் பிள்ளைகள் பெயர் வைக்காத உருவம் அதில் இல்லை. ஷீலாவை மட்டும் பெரியவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறோம். செந்நிற மணற்கல் வெளியில் நின்றும் இத்தனை காலம் தாங்கியதற்குக் கல்லின் தரம் ஒரு காரணம். தலைக்கு மேல் கூரை இருந்தது இன்னொரு காரணம்.

மூன்றாவதாகத் தாங்கள் போக வேண்டிய இடம் ஷோப்டன். ஹியூ டி மார்ட்டிமர் என்ற பிரபுவின் நிர்வாகியாக இருந்த ஆலிவர் டி மெர்லிமண்ட், ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தவர், ஷோப்டனில் ஒரு கோயில் கட்டினார். அதன் சிற்பவேலை, கில்பெக், எர்ட்ஸ்லி வேலைகளோடு ஒரே சிற்பிகள் மரபைச் சேர்ந்தது. அறிஞர்கள் இதை ஹெர்ஃபர்ட்ஷயர் மரபு என்கிறார்கள். 1750களில் அந்தக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, பழைய வளைவுகளையும் வாசல் சிற்பங்களையும் பெயர்த்து, பூங்காவின் மேட்டில் அலங்காரமாக நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் மழை நேராக அவற்றின் மேல் விழுகிறது. 1852இல் ஜி. ஆர். லூயிஸ் வெளியிட்ட ஓவியங்களை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எது கிறிஸ்து, எது தேவதூதர் என்று ஊகிக்க முடிகிறது. லண்டன் சிடன்ஹாமில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மாளிகையில் வைக்க எடுத்த சுதை வார்ப்புகளும் 1936 தீயில் போயின.

எர்ட்ஸ்லி, கில்பெக், ஷோப்டன் என்ற வரிசையில் ஒரு பகல் பொழுதில் காரில் பார்த்துவிடலாம். ஒரே மரபு, ஒரே காலம்; கூரைதான் வேறு. இதற்கு மேல் ஆய்வறிக்கை எதுவும் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் பகுதியில் ஒரு கோயில் இருக்கிறது, பெயர் வேண்டாம். கூரைக் கால்வாயில் இலையும் பறவைக்கூடும் அடைத்து, தண்ணீர் சுவரில் வழிந்து, மூன்று தாங்குகற்கள் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டன. பழைய பழுதுபார்ப்பில் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாக சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் சிமெண்ட் வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வெளியேறுகிறது. உப்பு உள்ளே படிந்து, உறைபனியில் முகப்பு செதில் செதிலாக உதிர்கிறது. பொறுப்பாளர்கள் நாலைந்து பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஏணியில் ஏற முடியாது. சாரம் கட்டப் பணம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து திருச்சபையின் கோயில்களில் மாற்றங்களுக்குத் திருச்சபையே தன் நடைமுறைப்படி அனுமதி தருகிறது என்பதை அறிவோம். ஆகவே தங்களால் ஆணையிட முடியாததைக் கேட்கவில்லை. பணமும் பதிவும் தங்கள் அரசின் கையில் இருப்பவை.

புதிதாக ஒரு வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். 900 ஆண்டுக் கோயிலின் கூரையைச் சரிசெய்தால் 20 விழுக்காடு. இந்தக் கணக்கை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க முடியவில்லை. அந்த வரியைத் திருப்பித் தர 2001இல் தொடங்கிய மானியத் திட்டம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று நீட்டிக்கப்பட்டே வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு கோயிலுக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்ற உச்சவரம்பும் வந்தது. பெரிய கூரைவேலைக்கு ஆகும் வரியே அதைத் தாண்டிவிடும். இத்தகைய வரி நிவாரணத்தை உச்சவரம்பு இன்றி, காலக்கெடு இன்றி நிரந்தரமாக்க நிதியமைச்சருடன் பேச வேண்டுகிறோம்.

அதைவிட மலிவான ஒன்றும் கேட்கிறோம். சிற்பம் உள்ள கோயில்களுக்கு, ஆண்டுக்கு இருமுறை கூரைக் கால்வாயும் வடிகாலும் சுத்தம் செய்யச் சிறு தொகை. இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. சிமெண்ட் பூசிய இடங்களில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு மாற்றவும் அத்தொகை பயன்பட வேண்டும்.

பதிவைப் பொறுத்தவரை, கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சர்னெக்கி முன்னின்று தொடங்கிய ரோமனெஸ்க் (இந்த நார்மன் காலப் பாணி) சிற்பத் தொகுப்புத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1980களின் இறுதியிலிருந்து கோயில் கோயிலாகப் போய் அளந்து, படமெடுத்து, இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது. அவர்களுக்கு உதவி அளித்து, வெளிச்சுவரில் உள்ள சிற்பங்களை முப்பரிமாண ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஷோப்டனில் எஞ்சியுள்ளதை முதலில் எடுக்க வேண்டும். அங்கே ஒரு காப்புக் கூரை போடலாமா என்றும் வல்லுநர்களைக் கேட்டுச் சொல்ல வேண்டுகிறோம். கூரை போட்டால் மேட்டின் அழகு கெடும் என்று சிலர் வாதிடக்கூடும். கெடட்டும்.

பாசி பிடித்த மூன்று தாங்குகற்களின் நிழற்படங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். தங்கள் துறை அலுவலர் ஒருவர் நேரில் வந்தால், அந்தக் கோயிலின் பெயரைச் சொல்லி, பொறுப்பாளர்களின் இசைவுடன் அழைத்துச் சென்று காட்டத் தயாராக இருக்கிறோம். இலை உதிரும் முன் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹெர்ஃபர்ட்ஷயர்த் தமிழ்க் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: ஆங்கிலப் படி, நிழற்படங்கள், கையொப்பப் பட்டியல்