போலார் ஸ்டாருக்கு நேர்ந்தது புதுக் கப்பல்களுக்கும் நேரக்கூடாது

அமெரிக்க காங்கிரஸின் இரு அவைகளிலும் நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சியாட்டிலில் குடியிருந்து, வரி கட்டி, வாக்களிக்கும் ஒருத்தி எழுதும் மடல் இது. உங்கள் அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் முன்பே எழுதிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் தொகுதிகளில் வாக்குரிமையோடு வாழும் தமிழர்களும் இந்த விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே. படித்துவிட்டு அவர்களும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் மகிழ்வேன்.

எங்கள் ஊரின் 36ஆம் எண் துறையில் கடலோரக் காவல் படையின் சிவப்புக் கப்பல் ஒன்று வந்து நிற்கும். போலார் ஸ்டார் என்று பெயர். இதே சியாட்டிலில் கட்டப்பட்டு 1976இல் சேவைக்கு வந்தது. அண்டார்டிகாவின் மக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு ஆண்டுதோறும் பனியை உடைத்து வழி திறப்பது அதன் வேலை. அந்த வழியில்தான் எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் உள்ளே போகின்றன. மக்மர்டோவை நம்பித்தான் தென்துருவ நிலையமும் இருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும், அமெரிக்காவிடம் ஓடுகிற நிலையில் இருக்கும் கனரகப் பனி உடைப்புக் கப்பல் இது ஒன்றுதான். ஹீலியும், 2025இல் சேர்ந்த ஸ்டோரிஸும் நடுத்தர வகைப் பனி உடைப்புக் கப்பல்கள். மக்மர்டோவின் தடித்த பனியில் போலார் ஸ்டார் செய்யும் வேலைக்கு அவை ஈடாக மாட்டா.

இந்தக் கப்பல் பனியைக் கத்தி போல அறுத்துக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சரிந்த அணியத்தை, அதாவது முன்பகுதியை, பனியின் மேல் ஏற்றி, 13,000 டன்னுக்கும் அதிகமான தன் எடையால் அழுத்தி நொறுக்குகிறது. ஆறடிப் பனி என்றால் நிற்காமல் போய்விடும். இன்னும் தடித்திருந்தால் பின்வாங்கி, ஓடி வந்து, மோதி ஏறும், மறுபடி பின்வாங்கும். 75,000 குதிரைத்திறன் இதற்காகத்தான். ஒவ்வொரு மோதலின் அதிர்வும் உந்துவிசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட், அதைச் சுற்றிக் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் சீல், மின்கம்பி, குழாய், வெல்டிங் என்று எல்லாவற்றிலும் இறங்குகிறது. சாதாரணக் கப்பலைப் போல இதைப் பராமரிக்க முடியாது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இது அடிபட்டுத்தான் திரும்பும்.

2019 ஜனவரியை நினைவுபடுத்துகிறேன். மக்மர்டோவை நோக்கிப் பனியை உடைத்துக்கொண்டிருந்தபோது ஷாஃப்ட் சீல் கசிந்து கடல்நீர் கப்பலுக்குள் வந்தது. கப்பலைப் பனிக்கு நடுவே நிறுத்திவிட்டு, முக்குளிப்பவர்கள் அந்த உறைநீரில் இறங்கினார்கள். ஷாஃப்டைச் சுற்றி வெளிப்புறமாக ஒரு காற்றுப்பட்டையைக் கட்டி ஊதவைத்துக் கசிவை அடைத்தார்கள். அதன் பிறகே உள்ளே இருந்தவர்கள் சீலைச் சரிசெய்ய முடிந்தது. அதே பயணத்தில் கப்பல் முழுவதும் மின்சாரம் போனது. ஒன்பது மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினார்கள். திரும்பும் வழியில், பிப்ரவரி 10 அன்று, மக்மர்டோவுக்கு வடக்கே சுமார் 650 மைலில் குப்பை எரிக்கும் அறையில் தீப்பிடித்தது. அணைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்தக் கடலில் அவர்களுக்கு ஆபத்து என்றால் பனியை உடைத்துக்கொண்டு போய் மீட்டுவர இந்த நாட்டிடம் இன்னொரு கனரகக் கப்பல் இல்லை. கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர்.

அந்த ஜனவரியில் வாஷிங்டனில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அரசு முடங்கிக் கிடந்தது. கடலோரக் காவல் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருவதால், ஜனவரி நடுவில் வரவேண்டிய சம்பளம் அவர்களுக்கு வரவில்லை. வீட்டில் வாடகை நிற்கிறது, பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும், கணவனோ மனைவியோ பூமியின் கடைசி மூலையில் பனியை உடைத்துக்கொண்டிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பூட்டிய அலுவலகம் பிறகு திறக்கும். கசிகிற சீல் அதுவரை காத்திருக்குமா?

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கனரகக் கப்பல்கள் இரண்டு இருந்தன. மூத்ததான போலார் ஸ்டாரை 2006இல் பணமில்லை என்று ஓரமாகக் கட்டிவைத்தார்கள். இளையதான போலார் சீயின் எஞ்சின்கள் 2010இல் பழுதாயின. அதன்பின் அது கடலுக்குப் போகவே இல்லை. போலார் ஸ்டாரைப் பழுதுபார்த்து மீட்டெடுக்கும் வரை மக்மர்டோவுக்கு வழி திறக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை வெளிநாட்டுக் கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. ஸ்வீடனின் ஓடன் சில ஆண்டுகள் வந்தது. 2011இல், தங்கள் குளிர்காலத்துக்கே அது வேண்டும் என்று ஸ்வீடன் நிறுத்திக்கொண்டது. கடைசியில் ரஷ்யாவின் விளாடிமிர் இக்னாத்யுக் வந்தது. இரவல் கப்பலை நம்பி ஒரு ஆய்வு நிலையத்தை நடத்துவதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

போலார் சீ இப்போது உதிரிபாகக் கிடங்கு. அக்காவை ஓடவைக்கத் தங்கையின் உடலிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றியிருக்கிறார்கள். கடையில் கிடைக்காத பாகத்துக்கு வேறு எங்கே போவார்கள்? தயாரித்த நிறுவனங்களே பல இன்று இல்லை. 2021 முதல் 2025 வரை ஐந்து கட்டங்களாக, 7.5 கோடி டாலர் செலவில், கலிபோர்னியாவின் வல்லேஹோ உலர்துறையில் ஆயுள் நீட்டிப்புப் பணி நடந்தது. அந்த ஆண்டுகளில் மாலுமிகள் அண்டார்டிகாவிலிருந்து நேராக உலர்துறைக்குப் போனார்கள். சியாட்டிலில் குடும்பத்தோடு இருந்தது சொற்ப நாட்களே. பராமரிப்புக்கு ஆகும் செலவில் இந்தப் பிரிவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2025 ஜூலையில் பெரிய தொகை கொடுத்தீர்கள். புதிய கனரகப் பனி உடைப்புக் கப்பல்களுக்கு மட்டும் 430 கோடி டாலர். நன்றி; மனமார்ந்த நன்றி. பத்தாண்டுகளாகக் கேட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அவற்றில் முதல் கப்பலான போலார் சென்டினலுக்கு 2019இல் ஒப்பந்தம் போட்டபோது 2024இல் கைக்கு வரும் என்றார்கள். இப்போது 2030 என்கிறார்கள். இந்த வகையில் மூன்று கப்பல்களுக்கு 510 கோடி டாலர் ஆகும் என்று உங்கள் பட்ஜெட் அலுவலகமே 2024இல் கணக்கிட்டது. வடிவமைப்பு முடியுமுன் ஒப்பந்தம் போட்டதும், இப்படிப்பட்ட கப்பலை நாடு 1970களுக்குப் பிறகு கட்டவே இல்லை என்பதும் தாமதத்துக்கு முக்கியக் காரணங்கள். கைகள் பழக்கம் விட்டுப் போயின. தடித்த சிறப்பு எஃகை வெல்டிங் செய்யத் தெரிந்தவர்களை ஒரே கையெழுத்தில் வரவழைக்க முடியாது. மூன்று கப்பல்களையும் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துக் கட்டினால்தான் அந்தக் கைகள் தங்கும்.

“வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். புதுக் கப்பலுக்கு வாக்களிப்பவரின் பெயர் பெயர்ப்பலகையில் வரும். சீலுக்கும் கம்பிக்கும் வாக்களிப்பவரின் பெயர் எங்கும் வராது. அந்த வாக்கைத்தான் நான் கேட்கிறேன். துருவக் கப்பல்களின் பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பில் ஒவ்வோர் ஆண்டும் பணம் ஒதுக்குங்கள். வேறு செலவுக்கு அதைத் திருப்ப முடியாதபடி சட்டத்திலேயே எழுதுங்கள். அரசு முடங்கினாலும் மாலுமிகளின் சம்பளம் நிற்காதபடி செய்யுங்கள். போலார் சென்டினல் ஒரு பருவம் முழுவதும் மக்மர்டோவில் வேலை செய்து காட்டும் வரை போலார் ஸ்டாரை ஓய்வுக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. 2020 ஆகஸ்டில் அலாஸ்காவுக்கு அருகே ஹீலியின் உந்து மோட்டார் ஒன்று எரிந்துபோனது. அந்தக் கப்பல் கட்டப்பட்ட காலத்திலேயே யாரோ முன்யோசனையோடு ஒரு உதிரி மோட்டாரையும் வாங்கி வைத்திருந்தார்கள். நூறு டன்னுக்கும் மேல் எடை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்டிமோரில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து, கப்பலின் உடலை வெட்டித் திறந்து, உள்ளே வைத்தார்கள். மறு ஆண்டே ஹீலி, கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் தீவுகளின் ஊடே போகும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தது. புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தால் எத்தனை ஆண்டுகள் போயிருக்கும்?

அடுத்த விசாரணையில் கடலோரக் காவல் படையின் தலைவர் உங்கள் முன் அமரும்போது இதைக் கேளுங்கள்: போலார் சென்டினலுக்கு உதிரி மோட்டார் வாங்கியாகிவிட்டதா? எங்கே வைத்திருக்கிறீர்கள்? வாங்கவில்லை என்றால், எவ்வளவு பணம் வேண்டும்?

இப்படிக்கு,
சியாட்டிலிலிருந்து ஒரு வாக்காளர்