என்கோடரைக் கழற்றும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மோட்டாரை ஓட்டும் டிரைவின் திரையில் ‘என்கோடர் ஃபால்ட்’ என்று வந்ததும் மோட்டாரின் பின்மூடியைத் திறந்து, தண்டின் சுழற்சியை அளந்து டிரைவுக்குச் சொல்லும் என்கோடரைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி எங்களுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். இங்கே மேசையில் பூட்டிச் சுழற்றினால் அது பாட்டுக்கு ஒழுங்காக ஓடுகிறது. பழுதில்லாத பொருளுக்குச் சோதனைக் கட்டணம் வாங்க எங்களுக்கே கூச்சமாக இருப்பதால் இந்த மடல்.

அந்த ஃபால்ட் சொல்வது ஒன்றுதான்: வரவேண்டிய சிக்னல் வரவில்லை, அல்லது கெட்டு வருகிறது. எந்த இடத்தில் கெட்டது என்பது டிரைவுக்குத் தெரியாது. என்கோடர், கனெக்டர், கேபிள், நடுவில் உள்ள ஜங்ஷன் பெட்டி, டிரைவின் ஃபீட்பேக் கார்டு, இதில் எது போனாலும் திரையில் வருவது அதே வரிதான்.

அதனால் முதலில் ஃபால்ட் எப்போது வருகிறது என்று பாருங்கள். பவர் போட்டதுமே வந்தால் சப்ளை, வயரிங், பாராமீட்டர் பக்கம் போங்கள். மோட்டார் சூடான பிறகு மட்டும் வந்தால் என்கோடரின் உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதியைச் சந்தேகிக்கலாம். டிரைவை எனேபிள் செய்த நொடியிலோ பிரேக் விடும் நொடியிலோ வந்தால் பெரும்பாலும் மின் இரைச்சல். இயந்திரம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும்போதெல்லாம் வந்தால் கேபிள்.

கேபிள் என்றதும் ஒரு மோட்டார் நினைவுக்கு வருகிறது. ஒரே மோட்டார் மூன்று முறை எங்களிடம் வந்தது. மூன்று முறையும் குறை எதுவும் இல்லை. கடைசியில் நேரில் போய், டிரைவை டிசேபிள் செய்துவிட்டு, என்கோடர் முனையில் 5 வோல்ட் சப்ளையில் மீட்டரை வைத்துக்கொண்டு டிராக் செயினை (நகரும் கேபிள்களைச் சுமக்கும் சங்கிலித் தாங்கியை) கையால் மெதுவாக வளைத்துப் பார்த்தோம். ஒரே ஒரு வளைவில் மட்டும் மீட்டர் சட்டென்று விழுந்தது. மேலுறையில் கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நிமிர்ந்தால் ஒட்டிக்கொண்டும் வளைந்தால் விலகியும் இருந்தன. இயந்திரத்தை நிறுத்தி வைத்து கன்டினியூட்டி பார்த்தால் இது தெரியவே தெரியாது. டிராக் செயினுக்குள் அடிக்கடி வளைவதைத் தாங்கும் கேபிளைத்தான் போட வேண்டும். சாதாரணக் கேபிள் சில காலம் ஓடும், அப்புறம் இப்படித்தான்.

சப்ளையை அளக்கும் விதத்திலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அளந்து, “5 வோல்ட் சரியாக வருகிறதே” என்கிறார்கள். மின்னோட்டம் ஓடாதபோது இழப்பும் இருக்காது, காட்டத்தான் செய்யும். 0.14 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.125 ஓம். 30 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் சேர்த்து 7.5 ஓம். என்கோடர் 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. என்கோடருக்குக் கிடைப்பது 4 வோல்ட்டுக்கும் கீழே. பல 5 வோல்ட் என்கோடர்களுக்கு 4.75 வோல்ட்டாவது வேண்டும். எனவே என்கோடரை இணைத்த நிலையிலேயே, அதன் முனையில் அளங்கள். டிரைவில் சென்ஸ் வயர்களுக்கு (என்கோடர் முனையின் வோல்ட்டை டிரைவுக்குத் திருப்பிச் சொல்பவை) இடம் இருந்தால் அவற்றை இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல நேரம் வெட்டி மடக்கி வைத்திருப்பார்கள்.

மின் இரைச்சலைத் தடுக்கும் கேபிளின் உலோக உறையான ஷீல்டைப் பின்னலாக முறுக்கி ஒரு திருகில் மாட்டினால் போதாது. கிளாம்ப் போட்டுச் சுற்றிலும் உலோகத்தில் படிய வேண்டும். மோட்டார் பவர் கேபிளையும் என்கோடர் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

சரி, ஃபால்ட்டே வராமல் அளவு மட்டும் தவறினால்? இது கொஞ்சம் கள்ளத்தனமான பழுது. டிரைவை டிசேபிள் செய்து, தண்டை மெதுவாக ஒரு சுற்று கையால் திருப்புங்கள். 1024 பல்ஸ் என்கோடர் என்றால் ஏ, பி என்ற இரண்டு பல்ஸ் சிக்னல்களின் எல்லா விளிம்புகளையும் எண்ணும் டிரைவ், சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் பல்ஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 4096 காட்ட வேண்டும். ஓட்டத்தின்போது அந்த எண் மாறிக்கொண்டே இருந்தால் மின்பக்கக் கோளாறு. எண் சரியாக இருந்தும் தண்டில் மார்க்கரால் போட்ட கோடு நகர்ந்திருந்தால் தண்டையும் என்கோடரையும் இணைக்கும் கப்ளிங் வழுக்குகிறது. அதை இறுக்கும் கிரப் ஸ்க்ரூவைப் பாருங்கள். செங்குத்து அச்சாக இருந்தால் பாரத்தைத் தாங்கி நிறுத்தாமல் இதில் இறங்க வேண்டாம்.

சில காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மோட்டார் சுற்றுக்கு மெகர் (மின்காப்புச் சோதனைக் கருவி) வைக்கும் பழக்கத்தில் என்கோடர் பின்களிலும் 500 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு அது முடிந்தது. சில மோட்டார்களில் என்கோடருக்குப் பதிலாக இருக்கும் ரிசால்வரில் மின்னணுச் சுற்று கிடையாது, வெறும் செம்புச் சுருள்கள்தான். அதில் மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். சைன், கொசைன் சுருள்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். கப்ளிங்கையோ புல்லியையோ சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். ஒளிவகை என்கோடர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது கண்ணாடி வட்டு. உடைந்த வட்டுடன் வரும் என்கோடரைக் குலுக்கினாலே சலசலவென்று சத்தம் கேட்கும், திறக்கவே தேவையில்லை.

நிரந்தரக் காந்த சர்வோ மோட்டாரில் என்கோடரைக் கழற்றினால், ரோட்டாருக்கும் அதற்கும் இருந்த கோணப் பொருத்தம் போய்விடும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் மோட்டார் விசையில்லாமல் முனகும், ஓவர்கரன்ட்டில் டிரிப் ஆகும், மோசமான நிலையில் கட்டுப்பாடில்லாமல் பாயும். புதிய என்கோடர் போட்டும் ‘மோட்டார் போய்விட்டது’ என்று வரும் அழைப்புகள் சிலவற்றின் கதை இதுதான். பேட்டரி வைத்த அப்சொல்யூட் என்கோடர் (பவர் போனாலும் நிலையை நினைவில் வைக்கும் வகை) என்றால், டிரைவின் கன்ட்ரோல் பவர் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். பவரை நிறுத்திவிட்டு மாற்றினால் பல வகைகளில் ஹோம் நிலை, அதாவது இயந்திரத்தின் தொடக்கப் புள்ளி, அழிந்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் அனுப்புங்கள். என்கோடரை மட்டும் அல்ல, மோட்டாரை முழுதாக, முடிந்தால் அதன் கேபிளோடு. ஃபால்ட் எண், அது வரும் நேரம், கடைசியாக இயந்திரத்தில் யார் எதில் கை வைத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மோட்டாரோடு ஒட்டிவிடுங்கள். கனெக்டர் முனையை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினால் இன்னும் நல்லது; போனமுறை வந்த ஒன்றில் எண்ணெய் வழிந்து அந்தத் தாளையே படிக்க முடியவில்லை.

அன்புடன்,
டிரைவ், மோட்டார் பழுதுநீக்கும் பிரிவு