பெரஹராவுக்கு முன் முகப்புக்குப் பெயின்ட் அடிக்கக் கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

கண்டிப் பெரஹரா ஊர்வலம் நெருங்கினால் "ரெண்டு கிழமையில முகப்பை அடிச்சுத் தருவீங்களா?" என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். கண்டி நகரின் பழைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் இனி அந்த அவசர வேலையை நாங்கள் ஏற்பதில்லை. காரணம் சுவரில்தான் இருக்கிறது.

இவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. நிலத்து ஈரம் மேலேறும், மழையும் ஊறும். இரண்டும் பூச்சு வழியே ஆவியாகிப் போயாக வேண்டும். மேலே சீமெந்தும் இமல்ஷனும் ஏறினால் அந்த வழி அடைபடும். உள்ளே நின்ற ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து பூக்க வைக்கும், பெயின்ட் பொக்குளித்து உரியும். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் காசுதான் வீண். நீங்களே பார்க்கலாம்: சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சினால் நல்லது, உருண்டு ஓடினால் அடைபட்டிருக்கிறது.

முதல் வேலை பெயின்ட் அல்ல, கூரைத் தண்ணீர் வடியும் பீலி. ஒழுகும் பீலியையும் உடைந்த ஓடுகளையும் திருத்தாமல் சுவரைத் தொடமாட்டோம். பிறகு தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கும் இடத்துச் சீமெந்தை மட்டும் உளியால் எடுப்போம். நன்றாகப் பிடித்திருப்பதைப் பிடுங்கினால் செங்கல்லின் முகமும் கூடவே வந்துவிடும்.

புதுப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு அரித்த ஆற்று மணல். ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போனால் வெடிக்கும். திகன, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு டொலமைற் கல்லை எரித்து எடுப்பது; அதிலுள்ள மக்னீசியா தண்ணீரோடு சேர்ந்து மெதுவாகத்தான் நீறும். ஆகவே குறைந்தது ஒரு மாதமாவது தண்ணீரில் ஊற வைக்கிறோம். அவசரப்பட்டுப் பூசினால் நீறாத துணிக்கைகள் பின்னர் சுவரிலேயே உப்பி, சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும்.

வெள்ளையடிப்பது பால் பதத்தில், நான்கைந்து மெல்லிய கோட். ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும், இடையில் ஒரு நாள் விட வேண்டும். காவியோ மஞ்சளோ வேண்டுமென்றால் இரும்பு ஒக்சைட் தூள்தான், சுண்ணாம்பின் எடையில் பத்து வீதத்துக்குள். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். அதனால் முதலில் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டுக் காட்டுவோம்.

யன்னல், கதவுகளின் பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேய்க்கவும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

இவ்வளவும் செய்யக் காய்ந்த நாட்கள் வேண்டும். கண்டியில் அது ஜனவரி முதல் மார்ச் வரை. பெரஹரா வரும் ஜூலை, ஓகஸ்ட்டில் தென்மேல் பருவமழை; புதுச் சுண்ணாம்பு இறுகுமுன் வழிந்துவிடும். நகரம் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளதால், நிறத்தையோ பலகணியையோ பெயர்ப்பலகையையோ மாற்றுவதானால் மாநகர சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் நாள் எடுக்கும்.

ஆகவே அடுத்த பெரஹராவுக்கு நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள். முழு முகப்பு, பீலி, சுவரின் அடிப்பாகம் மூன்றையும் படமெடுத்து அனுப்பினால், வந்து பார்த்து விலை சொல்கிறோம்.